நாலு சக்கரம், நாலு சில்லு

வாங்க, உள்ளே வாங்க. செருப்பை வெளியே விட வேண்டாம், இப்படி உள்பக்கமாக விடுங்க. வெளியே விட்டால் காணாமல் போகும் என்று நான் சொல்லவில்லை. போகலாம் என்று சொல்கிறேன்.

டி பிளாக்கா? நாலாவது மாடியா? ஆமாம், நீங்கள் குடி வந்த அன்றைக்குப் பால்கனியிலிருந்து பார்த்தேன். உங்கள் ஃபிரிட்ஜை நாலு பேர் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஃபிரிட்ஜைப் படுக்க வைக்கக் கூடாது. சரி, உங்கள் ஃபிரிட்ஜ்.

டப்பாவில் என்ன, முறுக்கா? எனக்கா? தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே. அப்படி வைங்க, அப்புறம் பார்க்கலாம். முன்னே பின்னே தெரியாதவர்கள் கொடுத்ததை உடனே வாயில் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க, கான்வென்ட் ஹாஸ்டலில் ஏழு வருஷம் இருந்தவள் நான்.

மயிலாவைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கீங்க, தெரியும். வேலைக்கு வைக்கலாமா, கை சுத்தமா, இதுதானே? மற்றவர்கள் போனில் கேட்டார்கள். நீங்கள் நேரில் வந்திருக்கீங்க. ஏன் நேரில் வந்தீங்க என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இருக்கட்டும். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்க. காப்பி கொடுக்க முடியாது. வீட்டில் ஆள் இல்லை, டம்ளரை நான்தான் கழுவ வேண்டும்.

ஐயோ, அதைத் தொடாதீங்க! டிவி பக்கத்தில் நிற்கிறதே, அந்த ஜீப்பைத்தான் சொல்கிறேன். ஒரு திருகு இடம் மாறினாலும் எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். பொம்மை என்று சொல்லிவிடாதீங்க, மனசு உடைந்துவிடும் அவருக்கு. இவ்வளவு வம்பும் அதனால் வந்ததுதான்.

எங்கள் வீட்டுக்காரர் குழந்தைவேலு, பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். சித்திரையில் ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆன ஆம்பளைகள் என்ன செய்வார்கள்? வாக்கிங் போவார்கள். பேங்கில் போய்ச் சண்டை போடுவார்கள். சமையல்கட்டில் வந்து நின்று, புளி கொஞ்சம் ஜாஸ்தியோ என்பார்கள். இவர் மூன்றையும் செய்யவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆனி மாதம் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் இந்த வண்டி. ரிமோட் ஜீப். "இது பாறை ஏறுற வண்டி வத்சலா" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எங்கள் பையன் பிறந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. ஹாலில் ஓட்டிக் காட்டினார். சோபாவிலிருந்து டிவி வரைக்கும் போவதற்குள் எனக்கு ஒரு கொட்டாவி வந்து போய்விட்டது.

"இது எப்பங்க வேகமாப் போகும்?"

"வேகமா எதுக்குப் போகோணும்? மெதுவாப் போறதுக்குத்தான் இது. எவ்வளவு மெதுவாப் போகுதோ அவ்வளவு நல்லா ஏறும்."

முப்பது வருஷம் இவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனவள் நான். மெதுவாகப் போவதற்கென்று இவருக்குத் தனியாக ஒரு வண்டி எதற்கு, சொல்லுங்க?

மறுநாள் காலையில் பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, அதன் மேல் வண்டி அக்கக்காகக் கிடக்கிறது. ரிப்பேரா என்றேன். "இல்லையே, நல்லா ஓடுச்சு. அதனாலதான் கழட்டினேன்" என்றார். நன்றாக ஓடுகிற ஒன்றை எவனாவது கழற்றுவானா? எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது. எதிலோ மனசு போயிருக்கிறது, அதை மறைக்கத்தான் இந்தக் கழற்றி மாட்டுகிற வேலை என்று.

மாட்டினார், கழற்றினார், மாட்டினார். கூட வந்த டயர் கல்லைப் பிடிக்கவில்லையாம், மெத்தென்று வேறு டயர் வந்தது. அந்த டயருக்குள் இருந்த ஸ்பாஞ்ச் கல்லாட்டம் இருக்கிறதாம், அதை உருவிவிட்டு வேறு ஸ்பாஞ்ச். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் நீர்த்த மாதிரி இருக்கிறதாம், கெட்டியான எண்ணெய். முன் சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டாருக்கு பலம் போதாதாம், அதற்குப் பதில் வேறு. கடைசியில், பெட்டியில் வந்ததில் என்னதான் மிச்சம் என்று கேட்டேன். நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தார். "முன்னாடி கண்ணாடி அதேதான்" என்றார்.

இந்த நேரத்தில்தான் வீட்டில் சாமான் காணாமல் போக ஆரம்பித்தது.

மயிலா எங்கள் வீட்டில் பதினோரு வருஷம். காலையில் ஏழு மணிக்கு வந்தால் ஒன்பதரை வரைக்கும் இருப்பாள். பாத்திரம், பெருக்கித் துடைப்பது, சமையலுக்கு அரிந்து கொடுப்பது. நல்ல வேலைக்காரி, நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன். நான்தான் பழக்கினேன். வாயைத் திறந்தால் மட்டும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. வாயைத் திறக்காதவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. எதையோ உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

புதிதாக வாங்கி வைத்திருந்த பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் இரண்டைக் காணோம். மயிலாவைக் கேட்டேன். "தெரியலீங்க்கா" என்றாள். என் நெயில் பாலிஷ், நல்ல சிவப்பு, அதைக் காணோம். மயிலாவைக் கேட்டேன். "நான் எதுக்குங்க்கா அதெல்லாம்" என்றாள். சமையல்கட்டு எடை மெஷினைக் காணோம். மறுநாள் அது பால்கனியில் இருந்தது. அதை யார் அங்கே கொண்டுபோய் வைத்தது என்று மயிலாவைக் கேட்டேன். அவள் பால்கனியையே பார்த்தாள். அங்கே இவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார். அவள் அப்படிப் பார்த்தது எனக்குத் திருட்டு முழியாகத்தான் பட்டது.

இன்னொரு பக்கம் இவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தொப்பி, தண்ணீர் பாட்டில், பையில் வண்டி. எங்கே? "கரட்டுக்கு." எந்தக் கரடு? "மதுக்கரைப் பக்கம் ஒரு குன்று, பாறை நல்லா இருக்கும்." யார் கூட? "இருக்காங்க, நாலஞ்சு பேர்." பேரைச் சொல்லத் தெரியாதா மனுஷனுக்கு? போனை எடுத்துப் பார்த்தேன். பார்க்கக் கூடாதா? தாலி கட்டினவர் போன்தானே. அதில் ஒரு பெயர், 'ரெஜினா லேத்'. ஒரே வாரத்தில் பதினாலு கால். லேத் பட்டறைக்காரனுக்கு ரெஜினா என்று எவனாவது பேர் வைப்பானா?

ஒருநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுகிறார். நான் துண்டு கொடுக்கப் போன சாக்கில் நின்றேன். "நாலு வளையம்... ஒண்ணொண்ணும் எழுபது கிராமாச்சும் இருக்கோணும்... வெளிய தெரியட்டும், அதான் அழகு" என்கிறார். எனக்குக் கணக்கு நன்றாக வரும். நாலு எழுபது இருநூற்று எண்பது. எட்டால் வகுத்தால் முப்பத்தைந்து பவுன்! முப்பது வருஷத்தில் எனக்கு ஒரு மூக்குத்தி வாங்கித் தந்த மனுஷன்.

அந்த ஆடியில்தான் வாஷிங் மெஷினில் மினுமினுப்பு வந்தது. இவர் பனியனைத் துவைத்து எடுத்தால் பொன் நிறத்தில் துகள் துகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிகினா. ஜிகினா எங்கிருந்து வரும்? புடவையிலிருந்து வரும். யார் புடவை? நான் பருத்தி தவிர எதையும் கட்டுகிறவள் இல்லை. பனியனை ஒரு கவரில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தேன். என்றைக்காவது முன்னால் எடுத்துப் போட வேண்டியிருக்குமே, சாட்சி வேண்டாமா?

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நான் எந்த மனநிலையில் இருந்தேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். புரிந்தால்தான் அடுத்து நடந்ததற்கு என்னைக் குறை சொல்ல மாட்டீங்க.

கிருஷ்ண ஜெயந்தி வந்தது. ஐந்து வருஷமாகக் கடை முறுக்குதான். கையில் வலு இல்லை, அம்மாவுடைய முறுக்கு அச்சு பித்தளை, ஒரு குழந்தை கனம் கனக்கும். இதைத் தூக்கிப் போட வேண்டும் என்று நானே பத்து தடவை சொல்லியிருக்கிறேன். வாய்ப்பேச்சுக்குச் சொன்னது. அம்மா போன பிறகு அண்ணிகள் எடுத்துக்கொண்டது போக எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். 'அ. கனகம்' என்று அம்மா பெயர் வெட்டியிருக்கும், புள்ளி புள்ளியாக. இந்த வருஷம் நானே சுடலாம் என்று பரணில் இருந்து பெட்டியை இறக்கச் சொன்னேன். பெட்டி இருக்கிறது. மேல்பிடி இருக்கிறது. மாவு போடுகிற உருளையைக் காணோம். அடியில் போடுகிற சில்லுகளையும் காணோம். முள்ளு முறுக்கு, தேன்குழல், ரிப்பன், ஓமப்பொடி, நாலையும் காணோம்.

பரணுக்கு ஏறுகிறவள் வீட்டில் ஒருத்திதான்.

மயிலா போகிற நேரம். வாசலில் நிறுத்தி, பையைக் காட்டு என்றேன். அவள் காட்டவில்லை. "எதுக்குங்க்கா?" என்றாள். அந்தக் கேள்வி போதாதா? நானே வாங்கிக் கொட்டினேன். இதோ, நீங்கள் செருப்பு விட்டீங்களே, அந்த இடம். ஒரு சீப்பு, பாதி பன், மாத்திரை அட்டை, வீட்டுச் சாவி. அவ்வளவுதான் இருந்தது. இன்றைக்கு இல்லை என்றால் நேற்றைக்கே போயிருக்கும் என்றேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது, லிஃப்டில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

"நான் எடுக்கலீங்க்கா" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். எடுக்காதவள் பத்து தடவை சொல்ல மாட்டாளா, அழ மாட்டாளா? குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள். அந்த பன்னை மட்டும் எடுக்கவில்லை.

இவர் பால்கனியில்தான் இருந்தார். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக எட்டிப் பார்த்தார். "விடு வத்சலா. வேற வாங்கிக்கலாம்" என்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. பாவம், சண்டை என்றால் பயம் இவருக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டேன். 'எங்கள் வீட்டில் வேலை செய்த மயிலா பித்தளைச் சாமான் எடுத்துவிட்டாள், வீட்டில் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை.' இருநூற்றுப் பத்து வீடு. அவள் இங்கே இன்னும் மூன்று வீட்டில் வேலை பார்த்தாள். வாரம் முடிவதற்குள் மூன்று பேரும் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஜாக்கிரதை என்று மட்டும்தான் சொன்னேன்.

இருங்க, இன்னும் முடியவில்லை.

புரட்டாசி இரண்டாவது ஞாயிறு. இந்த ரெஜினாவுக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று, இவர் கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து நானும் ஆட்டோ பிடித்தேன். பீரோவில் இருந்த பனியன் கவரையும் எடுத்துக்கொண்டேன். கரட்டடியில் இறங்கினால் இவர் ஸ்கூட்டர் நிற்கிறது. மேலே ஏறினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. காலையிலேயே சுடுகிற வெயில், சப்பாத்திக்கள்ளி, கால் வைத்தால் உருளுகிற கல். ஏறிப் போய்ப் பார்த்தால் அங்கே ஐந்தாறு பேர், எல்லாம் தலை நரைத்த ஆட்கள், பாறையில் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள். எதிரே ஆளுக்கொரு குட்டி வண்டி. ஒருத்தரும் பேசவில்லை. கோயிலில்கூட இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

ரெஜினா இருந்தாள். அறுபது வயது இருக்கும். கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை, நகம் பூரா கிரீஸ். புருஷன் போன பிறகு கணபதி ஏரியாவில் அவர் லேத் பட்டறையை இவள்தான் நடத்துகிறாளாம். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார் சம்சாரங்களா? வாங்க வாங்க. உங்களப் பாக்கோணும்னு இருந்தனுங்க. சார்கிட்டக் குடுத்துவிட்டீங்களே, அந்தப் பித்தளை... அந்தக் காலத்து வார்ப்புங்க. உளி பட்டா வெண்ணெயாட்டம் சுருண்டு வருது. இப்ப எங்க கிடைக்குது அந்த மாதிரி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. அப்போதுதான் என் தோள் உயரத்துக்கு ஒரு பாறை, அதில் இந்த வண்டி ஏறிக்கொண்டிருந்தது. செங்குத்து. மற்ற வண்டிகள் பாதியில் மல்லாந்து விழுந்து கிடந்தன. இது மட்டும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, அரை அங்குலம், அரை அங்குலமாக. இந்தப் பக்கத்து முன் சக்கரம் என் கண்ணுக்கு நேராக மெல்லச் சுற்றுகிறது. நடுவில் பளபளவென்று ஒரு பித்தளைத் தட்டு. அதில் மூன்று ஓட்டை, மூன்றும் நட்சத்திரம்.

முள்ளு முறுக்குச் சில்லு.

பின் சக்கரத்தில் தேன்குழல். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், ரிப்பன், ஓமப்பொடி. நாலு சக்கரம், நாலு சில்லு. சில்லைச் சுற்றி வளையம். வண்டி இன்னும் அரை அங்குலம் ஏறியது. வளையத்தில் புள்ளி புள்ளியாக என்னமோ தெரிந்தது. 'க' வந்தது. 'ன' வந்தது. அவ்வளவு மெதுவாகப் போகிறதா, எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. என் அம்மா பெயர் தலைகீழாகப் போய், மறுபடியும் நேராக வந்தது.

இருநூற்று எண்பது கிராம் தங்கமும் அதுதான். வாஷிங் மெஷின் ஜிகினாவும் அதுதான். கையில் இருந்த கவரை நான் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

இவர் எழுந்தார். என்னைப் பார்த்தார். ரிமோட்டில் இருந்து விரலை எடுத்துவிட்டார், ஆனாலும் வண்டி விழவில்லை, அப்படியே பாறையில் தொற்றிக்கொண்டு நின்றது.

"சக்கரத்துல கனம் வேணும் வத்சலா" என்றார். "அடியில கனம் இல்லைன்னா கவுந்துருது. நீதான் அதைத் தூக்கிப் போடோணும்னு சொல்லிட்டே இருந்த..."

"மயிலா பையைக் கொட்டினேனே, அன்னிக்கு எங்க போச்சு உங்க வாய்?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ கத்திட்டிருந்த. பயமா இருந்துச்சு. ரெண்டு நாள் போகட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள நீ குரூப்ல போட்டுட்ட. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

கேட்டீங்களா நியாயத்தை? நான் கத்துகிறேனாம். நீங்களே சொல்லுங்க, இவ்வளவு நேரம் பேசுகிறேன், கத்தினேனா? ஒரு பாவப்பட்ட பொம்பளை திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறாள், இந்த மனுஷன் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்படிப்பட்ட நெஞ்சு! ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்கு ஆறவே இல்லை. மூன்று வாரமாக அவரோடு சரியாகப் பேசவில்லை. அவருக்கு அது தண்டனையா, நிம்மதியா என்று தெரியவில்லை, அந்த நேரத்தில்தான் வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தார். என் நெயில் பாலிஷில்.

நான் சும்மா இருக்கவில்லைங்க. அன்றைக்குச் சாயங்காலமே குரூப்பில் போட்டேன். 'காணாமல் போன முறுக்கு அச்சு கிடைத்துவிட்டது, நன்றி.' வேறென்ன போட வேண்டும்? முப்பது பேர் கட்டை விரல் காட்டினார்கள். சி பிளாக் அம்மா, 'மிரட்டியதும் கொண்டுவந்து வைத்துவிட்டாளா? சூப்பர்' என்று போட்டாள். செக்ரட்டரி, 'எல்லோரும் இப்படித் தைரியமாக இருக்க வேண்டும்' என்று போட்டார். நான் அதற்கு ஒன்றும் பதில் போடவில்லை. நானாக எதுவும் பொய் சொல்லவில்லை, கவனிச்சுக்குங்க.

மறுநாள் இவர் தானாகவே மயிலா வீட்டுக்குப் போயிருக்கிறார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. நடந்ததைச் சொல்லி, வா என்று கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கு அதற்குள் குரூப்பில் போட்டதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, வாட்ச்மேன் படித்துக் காட்டியிருப்பான், அவன் மேலும் எனக்கு ஒரு கண்தான். அவள் என்ன சொன்னாளாம் தெரியுமா?

"கிடைச்சிருச்சுன்னா என்னங்க அர்த்தம்? நான் எடுத்தேன், திருப்பி வெச்சேன்னு அர்த்தம். நீங்க இங்க வந்து சொல்லி ஒண்ணும் ஆகாதுங்கய்யா. அக்கா எங்க சொன்னாங்களோ அங்க சொல்லோணும்."

நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள்!

இவர் வந்து, "நானே எழுதிப் போட்டுர்றேன் வத்சலா, நான்தான் எடுத்தேன்னு" என்றார். போனைப் பிடுங்கினேன். இவர் எடுத்தார் என்று போட்டால் சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. அப்புறம் எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்? பையைக் கொட்டினது யார்? லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நிற்கும். எனக்கு அது தெரியும்.

நான் ஏழாவது படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு பேனா காணாமல் போனது. சிஸ்டர் பெனடிக்டா எங்கள் எல்லோர் பெட்டியையும் கொட்டச் சொன்னார். நாற்பது பிள்ளைகள், உள்பாவாடை வரைக்கும் தரையில். சமையல்கார அம்மா பொண்ணு ஒருத்தி எங்களோடு படித்தாள், அவளைத்தான் ரொம்ப நேரம் நிற்க வைத்தார். அப்புறம் பார்த்தால் பேனா சிஸ்டர் மேஜை டிராயரிலேயே இருந்தது. மறுநாள் அசெம்பிளியில், நானூறு பிள்ளைகளுக்கு முன்னால், அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சிஸ்டர் சொன்னார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதற்கப்புறம் அவரைப் பார்த்து ஒரு பிள்ளைகூட பயப்படவில்லை. நான் சொல்ல வருவது அதைத்தான். ஒரு தடவை இறங்கினால் போச்சு. நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த ஹாஸ்டலில் எனக்கு மற்ற சிஸ்டர்கள் யார் முகமும் ஞாபகம் இல்லை.

மூன்று வாரமாக எழுதுகிறேன், அழிக்கிறேன். எழுதி வைத்ததெல்லாம் போனில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

நீங்கள் என்ன இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கீங்க? வாயைத் திறக்காதவர்கள் என்றால் எனக்கு... என்னது? எடுத்தாளா இல்லையா, அது மட்டும் சொல்லுங்கள் என்றா? அதைத்தானே ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எடுக்கவில்லை. அவள் எடுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு கடுகு எடுத்ததில்லை. போதுமா?

தொண்டை வறண்டுவிட்டது. அந்த டப்பாவை இப்படித் தள்ளுங்க, ஒன்று வாயில் போட்டுப் பார்க்கிறேன். ம். நல்ல மொறுமொறுப்பு. முள்ளு கொஞ்சம் மழுங்கி இருக்கிறது, எவர்சில்வர் அச்சு அல்லவா, பித்தளையில் பிழிகிற கூர்மை வராது. எள் கறுப்பு எள். சீரகம் போடவில்லை. ம்.

இருங்க.

பெருங்காயம். தூள் பெருங்காயம் இல்லை இது. கட்டிப் பெருங்காயத்தை முதல் நாளே மோரில் ஊறப்போட்டு, அந்த மோரை ஊற்றிப் பிசைந்திருக்கிறது. அப்படிச் செய்தது என் அம்மா. அண்ணிகளுக்குக்கூட அம்மா சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியும். நான் இன்னொருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மயிலா உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

இல்லை, கீழே பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. எத்தனை நாளாக? ஒரு வாரமா? பின் கேட் வழியாக வருகிறாளா? அதுதானே, என் பால்கனிக்குத் தெரியவில்லை. அப்படியானால் வேலைக்கு வைக்கலாமா என்று கேட்க நீங்கள் வரவில்லை. ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நிறுத்தச் சொல்லி உங்களை நச்சரித்தார்கள், அவளை நேராகவே கேட்டீங்க. அவள், போய் அக்காகிட்டயே கேளுங்க, அவங்க உங்க முகத்தைப் பாத்து நான் திருடின்னு சொன்னா நான் நின்னுக்கறேன் என்று சொல்லியிருப்பாள். இந்த முறுக்கையும் கொடுத்து அனுப்பியிருப்பாள். சொன்னாளா, இல்லையா? தலையாட்டிவிட்டீங்க.

சொன்னாள்.

பார்த்தீங்களா? இந்த நாலு மாதத்தில் நான் பட்ட சந்தேகத்தில் இது ஒன்றுதான் சரி.

என் கண்ணாடி எங்கே? அந்த மேஜையில் பாருங்க. போனையும் கொடுங்க. சும்மா இருங்க, பேசாதீங்க, எழுதும்போது யாராவது பேசினால் எனக்குப் பிடிக்காது. இதோ. 'முறுக்கு அச்சை மயிலா எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் எடுத்திருந்தார். விசாரிக்காமல் அவள் பையைக் கொட்டியது நான். தப்பு என்னுடையது. ஏ பிளாக், வத்சலா.' எழுத்துப்பிழை இருக்கிறதா? இல்லையா? நன்றாகப் பார்த்தீங்களா? சரி, போயிற்று. இனி எவள் கட்டை விரல் காட்டுகிறாள் என்று பார்க்கலாம்.

எழுந்திரிக்காதீங்க. டப்பாவைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. சர்க்கரை போட்டுத் தருகிறேன். அவளை நான் திரும்பக் கூப்பிடவில்லை என்று சொல்லுங்க. வருகிறாளா இல்லையா என்பது அவள் இஷ்டம். காலையில் ஏழு மணிக்குக் கதவு திறந்துதான் இருக்கும், அதையும் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, சொல்லுங்க.

அந்த ஜீப்பை எடுத்துக் கொடுங்க. தொடலாம், நான் சொல்கிறேன், தொடுங்க. ஸ்க்ரூ டிரைவர் டிவிக்குப் பின்னால் இருக்கும். இந்த முன் சக்கரத்தில் நடுவில் ஒரே ஒரு திருகுதான்... ஆங், வந்துவிட்டது. முள்ளு முறுக்குச் சில்லு. தீபாவளிக்கு அவள் உங்கள் வீட்டில் சுடுவாள் அல்லவா, எவர்சில்வர் சில்லைக் கழற்றிவிட்டு இதைப் போடச் சொல்லுங்க. பொருந்தவில்லை என்றால் கணபதியில் ரெஜினா என்று ஒருத்தி இருக்கிறாள், ராவிக் கொடுப்பாள். சர்க்கரைக்குள் நன்றாகப் புதைத்துவிட்டேன், ஆடாது.

இவர் இப்போது பாட்டரி வாங்க டவுனுக்குப் போயிருக்கிறார். வந்ததும் முதலில் இங்கேதான் வருவார். குனிந்து பார்ப்பார், சோபாவுக்கு அடியில் பார்ப்பார், பால்கனியில் பார்ப்பார். தேடட்டும். யார் மேல் சந்தேகப்படுகிறார் என்று நானும் பார்க்கிறேன்.